பெயர் எழுதாத சாமான் ஏறாது

எண்ணெய்க் கிணறு தோண்டும் நான்காம் நம்பர் ரிக், யாரும் ஓட்டாமல், யாரும் கேட்டுக்கொள்ளாமல், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி நடந்து மேஸ்திரியின் வீட்டுக் கொல்லைக்கு வந்து நின்றது. அன்றைக்குச் சந்தையில் வெங்காயம் மலிவு, எலுமிச்சை மட்டும் யானை விலை. பத்து மாடி உயரத்துக்கு இரும்புக் கோபுரம், அதற்குக் கீழே வீடு மாதிரி ஒரு மேடை, மேடைக்குக் கீழே நான்கு கால்கள். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு வந்த ரிக், வழியில் ஒரு மின்கம்பியைக்கூட அறுக்கவில்லை. டீக்கடை வாசலில் எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டு வந்ததாக டீக்கடைக்காரர் சொல்கிறார், அவர் பொய் சொல்லி அதில் அவருக்கு ஒரு லாபமும் இல்லை. கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரியம்மா, திடீரென்று நிழல் விழுந்ததும் மழை வருகிறதாக்கும் என்று போட்ட துணியைத் திரும்ப எடுக்கத் தொடங்கினாள். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். ரிக்கின் முன்னங்கால் அவளுடைய எலுமிச்சைக் கன்றுக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. "மிதிச்சே, காலை ஒடிச்சுருவேன்!" என்றாள். கால் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு ஒரு முழம் தள்ளிப்போய், சத்தம் காட்டாமல் இறங்கியது.

கேன்டீனில் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்குச் செய்தி போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் காலை முதல்ல எடுத்து வெச்சுது?" என்பதுதான். அண்ணன் என்று பெயர் எழுதிய காலைத்தான் என்றார்கள். அப்படியானால் முறைப்படிதான் நடந்திருக்கிறது என்று நிம்மதியாகி, தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு, கை கழுவிவிட்டுத்தான் எழுந்தார்.

மேஸ்திரிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத்தாளில் மட்டும் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் நட்டு மேஸ்திரி. சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு பிடி நட்டு கிடக்கும் என்பது அவர் முகத்துக்கு நேரே சொல்லும் காரணம். தலையில் ஒரு நட்டு கழன்றவர் என்பது முதுகுக்குப் பின்னால் சொல்லும் காரணம். அவர் வேலை ரிக்கை இடம் மாற்றுவது. பூமியிலிருந்து எண்ணெய் வந்தால் தோண்டியவனுக்குப் பேர், கம்பெனிக்குக் காசு. அந்த ரிக்கைக் கழற்றி, நாற்பது டிரெய்லரில் ஏற்றி, காடு மேடு தாண்டி இறக்கி, மறுபடி பூட்டி நிமிர்த்தியவனை யார் நினைக்கிறார்கள்? பந்தியில் சாப்பிட்டவன் பந்தல் பிரித்தவனைத் தேடிப் போவதில்லை. அந்தக் காலத்தில் ஒருதரம் இடம் மாற்றினால் இரண்டு மாதம் ஆகும். ஆயிரக்கணக்கான உருப்படிகள், எல்லாம் ஒரே துரு, ஒரே கறுப்பு, எல்லாவற்றிலும் ஏதோ நம்பர். இந்த ஓட்டைக்கு உரிய இரும்புப் பின் அந்த ஓட்டையில் போகும். ஒருதடவை மேனேஜரின் கேபினைத் திருப்பி இறக்கிவிட்டார்கள். காலையில் வழக்கம்போல வாசல் கதவைத் திறந்து காலை வைத்த மேனேஜர், நேராகச் சேற்றுத் தொட்டிக்குள் போனார். அவருடைய ஒரு செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.

அந்தச் செருப்பிலிருந்துதான் மேஸ்திரியின் முதல் கண்டுபிடிப்பு பிறந்தது. அவருடைய ஆட்களுக்கு நம்பர் நினைவில் நிற்காது. ஆனால் யாருக்கு யார் என்ன உறவு, எந்தச் சண்டையில் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மேஸ்திரி வெள்ளைப் பெயிண்டை எடுத்தார். நம்பரை எல்லாம் அழித்துவிட்டு ஒவ்வொரு உருப்படியிலும் ஓர் உறவை எழுதினார். ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டிய பின்னும் ஓட்டையும் மாமன், மச்சான். பக்கத்துப் பக்கத்தில் படுக்க வேண்டிய இரண்டு உத்திரங்கள் ஓரகத்திகள். சூடேறும் புகைக் குழாயும் டீசல் தொட்டியும் ஒன்றையொன்று தொடவே கூடாது, ஆகவே மாமியார், மருமகள். வேலையைவிடச் சத்தம் அதிகமாகப் போடும் ஜெனரேட்டர் பெரியப்பா. கோபுரத்தையும் மேடையையும் சேர்க்கும் தகட்டுக்குச் சம்பந்தி என்று எழுதி, அதற்கு மட்டும் இரண்டு மடங்கு போல்ட் போடச் சொன்னார், சம்பந்திகளை எவ்வளவு இறுக்கினாலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும் என்று. பிறகு ஏற்றும் இடத்தில் பலகை ஒன்று மாட்டினார்: பெயர் எழுதாத சாமான் ஏறாது, பெயர் எழுதிய சாமான் ஏறாமல் வண்டி கிளம்பாது. கிளம்புவதற்கு முன்னால் ஓர் ஆள் நின்று ஒவ்வொரு உறவாகக் கூப்பிடுவான். "சித்தப்பா!" என்றால் சித்தப்பா ஏறியிருக்கும் டிரெய்லரிலிருந்து சுத்தியலால் டங்கென்று ஒரு தட்டு வரும். "கொழுந்தியா!" டங். இரண்டு மாத வேலை மூன்றே வாரத்தில் முடிந்தது. கம்பெனி அவருக்குப் பரிசாக ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது.

அடுத்து, கோபுரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றாமல் அடியில் கீல் வைத்து அப்படியே மடக்கிப் படுக்கவைத்து, போன இடத்தில் அதன் கம்பி சுற்றும் விஞ்ச்சாலேயே குடை விரிப்பதுபோல நிமிர்த்தினார். மூன்று வாரம் ஒரு வாரமாயிற்று. இரண்டாவது கடிகாரம் வந்தது. கடைசியாக மேடைக்குக் கீழே நான்கு ஜாக்கிகளைக் காலாக வைத்தார். லீவரை இழுத்தால் கால் தூக்கும், ஒரு முழம் முன்னே போகும், இறங்கும். பக்கத்திலேயே இன்னொரு கிணறு தோண்ட வேண்டுமென்றால் கழற்றவே வேண்டாம். கால்களுக்கும் பெயர் எழுதினார்: அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி. மூத்தவர் போனபிறகே இளையவர் போக வேண்டும் என்பது ஒழுங்கு. மூன்றாவது கடிகாரமும் வந்தது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, மேஸ்திரி செய்தது அதுதான். இடம் மாற்றும் வேலை சீக்கிரம் முடிய முடிய, கம்பெனி அடிக்கடி இடம் மாற்றத் தொடங்கியது. ரிக் மாறினால் மேஸ்திரி மாற வேண்டும், மேஸ்திரி மாறினால் வீடு மாற வேண்டும். பாத்திரங்களை எடுத்து அடுக்குவதற்குள் கட்ட வேண்டிய நாள் வந்துவிடும். மூன்று கடிகாரங்களும் ஆணியைப் பார்க்காமல் பெட்டியிலேயே ஓடி ஓடி நின்றுபோயின. கட்டிக்கொடுத்த மகள் அம்மாவின் முகவரியைப் பென்சிலால்தான் எழுதி வைப்பாள். மேஸ்திரியம்மாவுக்கு இதிலெல்லாம் வருத்தம் உண்டு, ஆனால் ஆற்றாமை எலுமிச்சையில்தான். போன வீட்டில் எல்லாம் ஒரு கன்று வைத்தாள். கன்று மரமாகிக் காய்க்க மூன்று நான்கு வருஷம் ஆகும். ஒரு வீட்டிலும் அதுவரை இருக்க விட்டதில்லை. பூ விட்ட மரத்தைக்கூட ஒருதரம் விட்டுவிட்டு வந்தாள், அன்றைக்கு லாரியில் ஏறியவள் அடுத்த ஊர் வரும்வரை அழுதாள். எந்தெந்த ஊரில் யார் யாரோ என் எலுமிச்சையைப் பிழிந்து குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் சொல்லாத நாளில்லை. வெயிலில் தலை வலிக்கும்போது அதை இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள்.

கடைசியில் மனை கொஞ்சம் மலிவாகக் கிடைத்த இடத்தில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகச் செங்கல்லில் சொந்த வீடு கட்டினார்கள். மூன்று கடிகாரங்களையும் ஒரே சுவரில் வரிசையாக மாட்டி, சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு கன்றை வைத்துவிட்டு, மண் ஒட்டிய கையோடு அவள் சொன்னாள்: "பேருதான் நட்டு. இத்தனை வருஷத்துல ஒரு இடத்துல ஒண்ணை நட்டு, அது காய்ச்சுப் பார்த்திருக்கீங்களா? இந்த மரத்துல காய் பறிக்காம நான் இந்த வீட்டை விட்டு இறங்கமாட்டேன். நீங்க வேணா உங்க ரிக்கோட போய்க்குங்க." அவள் அதிகம் சபதம் போடுகிறவள் இல்லை. போட்டதில் ஒன்றைக்கூட விட்டவளும் இல்லை. அவருடைய அக்காவோடு பேசமாட்டேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னது, இன்றுவரை அப்படியே நிற்கிறது.

இந்த நிலைமையில்தான் ரிக் நடந்து வந்தது. வந்தது போனதாகவும் இல்லை. காலையில் சமர்த்தாக வேலை இடத்துக்குப் போகும், சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் கொல்லைக்குத் திரும்பிவிடும். நிழல் நன்றாக விழுந்ததால் முடிதிருத்துபவர் ஒருவர் அதன் காலடியில் நாற்காலி போட்டார், தெருவில் பாதிப்பேர் அங்கேதான் முடிவெட்டிக்கொண்டார்கள். கோபுரத்திலிருந்து தொங்கும் கம்பிகளில் மேஸ்திரியம்மா போர்வை உலர்த்தினாள். தூறல் விழுந்தால் ரிக் தானே விஞ்ச்சைச் சுற்றிப் போர்வைகளை மேலே இழுத்துக்கொள்ளும், உள்ளே கொண்டுபோய் மடித்து வைக்க மட்டும் அதற்குத் தெரியாது. முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. இரண்டாவது வாரம் கூட்டம் இல்லை. மூன்றாவது வாரம், கோபுர விளக்கால் தூக்கம் கெடுகிறது என்று எதிர்வீட்டுக்காரர் புகார் செய்தார். மேஸ்திரியம்மா ஒரு வார்த்தை சொன்னாள், விளக்கு அணைந்தது.

சிக்கல் எங்கே வந்ததென்றால், இங்கே கிணறு தோண்டி முடிந்துவிட்டது. அடுத்த இடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழை பிடித்தால் ஆற்றைக் கடக்க முடியாது, கடக்காவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். கழற்றி ஏற்றலாம் என்று போனால் ரிக் ஒரு போல்ட்டைக்கூடத் தளர விடவில்லை. நடத்திக் கூட்டிப்போகலாம் என்றால் ஆற்றங்கரைவரை வரும், அங்கே நின்று யோசிக்கும், யாருக்காகவோ காத்திருப்பதுபோலத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், அப்புறம் வந்த வழியே கொல்லைக்குத் திரும்பிவிடும். நான்கு முறை இப்படி ஆனபிறகு மேனேஜர் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூட்டிவந்து ரிக்கைக் காட்டினார். அந்த ஆள் மேடையை ஒரு தட்டுத் தட்டி, கேஸ் கட்டர் வைத்து அறுத்தால் எடைக்கு நல்ல விலை போகும் என்றார். மழைக்குள் ஆற்றைத் தாண்டவில்லை என்றால் அறுத்துவிடுவது என்று முடிவாயிற்று. மேஸ்திரி அன்றிரவு சாப்பிடவில்லை. ஒவ்வொரு உருப்படிக்கும் தன் கையால் உறவு எழுதியவரால், அதை எடைக்குப் போடுவதைக் கேட்க முடியவில்லை. ரிக் போகவேண்டும் என்றால் அவர் கூடப் போயாக வேண்டும், அவர் போனால் மனைவி வரமாட்டாள். ரிக் போகாவிட்டால் துண்டு துண்டாகப் போகும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த நேரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மேனேஜர் நடந்ததை எல்லாம் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெரிய அதிகாரிக்கு வேறு வேலை இருந்தது. "அதுக்கு முதல்ல ஒரு கால்கட்டைப் போடுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கேன்டீனில் இதற்கு இரண்டு பொருள் கிளம்பியது. மேனேஜருக்குக் கால்கட்டு என்றால் சங்கிலி. நான்கு காலையும் சங்கிலியால் பிணைத்துப் பெரிய டிரெய்லரில் ஏற்றச் சொன்னார். கட்டினார்கள். மறுநாள் காலை சங்கிலி முழுவதும் துருப்போகத் துடைத்துச் சுருட்டி மேஸ்திரி வீட்டு வாசலில் வைக்கப்பட்டிருந்தது, மேலே மேனேஜரின் தொலைந்துபோன செருப்பு. சேற்றுத் தொட்டியின் அடியிலிருந்து அதை எப்படி எடுத்தது என்று ரிக்கைத்தான் கேட்க வேண்டும்.

அதன்பிறகு இரண்டாவது பொருளுக்கு மதிப்பு வந்தது. அதை ஆரம்பம் முதல் சொல்லிக்கொண்டிருந்தவர் கிரேன் ஓட்டுபவர், மேஸ்திரியம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். மேஸ்திரியின் கண்டுபிடிப்பு ஒவ்வொன்றும் கிரேன் வேலையைக் குறைத்துக்கொண்டே வந்ததில் அவருக்கு உள்ளூர ஒரு புகைச்சல் இருந்தது, இருந்தும் மேஸ்திரியை விட்டுக்கொடுக்கமாட்டார். "ஊர் சுத்துற பிள்ளைக்குக் கால்கட்டுன்னா சங்கிலியா மாப்ளே? கல்யாணம்! என் கிரேனுக்கு என்ன குறைச்சல்? நிறம் இருக்கு, குணம் இருக்கு, ஒரு தடவை சர்வீஸ் பண்ணிட்டா சத்தம்கூட வராது" என்றார். வேறு வழி தெரியாத மேஸ்திரி தலையாட்டினார். மஞ்சள் பெயிண்ட் புதிதாக அடித்த கிரேனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைக்கு ஓட்டிவந்து ரிக்குக்கு எதிரே நிறுத்தினார்கள். கிரேன் தலையைத் தாழ்த்தியது. ரிக் மரியாதையாகக் கோபுர விளக்கை ஒருமுறை போட்டு அணைத்துவிட்டு, திரும்பி நின்று, காய்ந்த போர்வைகளைக் கவனிக்கத் தொடங்கியது. அதோடு சரி. ஒரு வாரம் கிரேனின் கொக்கி எதையும் தூக்கவில்லை. "வேணாம்னா வேணாம்னு சொல்லணும். முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறது என்ன பழக்கம்? வளர்த்த லட்சணம்!" என்று மச்சான் மூன்று நாள் மேஸ்திரியோடு பேசவில்லை.

வானம் மூட்டம் போடத் தொடங்கியது. பழைய இரும்புக் கடைக்காரர் கேஸ் சிலிண்டர்களை இறக்கிவைத்துவிட்டுப் போனார். மேஸ்திரி கடைசியாக ஒருமுறை ரிக்கைத் தடவிப் பார்க்கப் போனபோது மனைவி காபித் தம்ளரோடு பின்னாலேயே வந்தாள். அதுவரை அவள் ரிக்கை அத்தனை பக்கத்தில் நின்று படித்துப் பார்த்ததில்லை. பெரியப்பா, சித்தி, சகலை என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நான்கு பக்கமும் சுற்றி வந்தாள். நாத்தனார் என்று எழுதிய கசியும் பம்பைப் பார்த்ததும், "இது மட்டும் சரியா எழுதியிருக்கீங்க" என்றாள். சுற்றி முடித்து நின்றாள்.

"ஏங்க, ஊர் உலகத்துல உள்ள உறவெல்லாம் எழுதியிருக்கீங்க. அம்மான்னு எதுலயாவது எழுதினீங்களா?"

மேஸ்திரி மனசுக்குள் ஒவ்வொரு உருப்படியாக எண்ணிப் பார்த்தார். எழுதவில்லை. ஒன்றோடொன்று பொருந்த வேண்டியதற்கும், ஒன்றையொன்று தொடக்கூடாததற்கும்தான் உறவு தேடினாரே தவிர, அந்தப் பெயரை வைக்கிற மாதிரி ஓர் இரும்பு அவர் கண்ணில் படவே இல்லை. அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெயர் எழுதிய சாமான் ஏறாமல் வண்டி கிளம்பாது. எழுதியவர் அவர், தினமும் அதைக் கேட்டு வளர்ந்தது ரிக். ஆற்றங்கரைவரை போகிறது, அங்கே நின்று மனசுக்குள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கிறது, ஓர் ஆள் குறைகிறது, திரும்பிவிடுகிறது. வேலை இடத்தில் வாட்ச்மேன் முதல் மேனேஜர்வரை மேஸ்திரியம்மா, மேஸ்திரியம்மா என்று நாளெல்லாம் சொல்கிறார்களே, அதில் பாதிதான் அதன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

புத்திசாலிகளுக்கு விஷயம் புரிந்தவுடன் குறுக்கு வழி தோன்றும். மேஸ்திரி ஓடிப்போய் ஒரு நல்ல இரும்புத் தகட்டை எடுத்து, அதில் பெரிதாக அம்மா என்று எழுதி, மேடையின் முகப்பில் பூட்டினார். ரிக் குனிந்து பார்த்தது. அரை மணி நேரம் கழித்துத் தகடு கீழே கிடந்தது, பெயிண்ட் சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது. அவர் வெட்கப்பட்டுப் போனார். மேஸ்திரியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எழுதினா ஆயிடுமா? பார்த்தீங்களா, உங்களைவிட விவரம்" என்று சொல்லி அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினாள். நேராக வீட்டு வாசலுக்குப் போனாள். நாற்காலி போட்டு ஏறி, கதவு நிலைக்கு மேலே, இத்தனை வருஷமாக யாரும் எழுதாத அந்தச் சொல்லைத் தன் கையால் எழுதினாள். எழுத்து கொஞ்சம் கோணல், சுழி மட்டும் அழகாக வந்தது. இது அம்மா வீடு என்று தெரிந்தால் ரிக் இன்னும் கொஞ்சம் அடக்கமாக இருக்கும் என்றுதான் எழுதினேன் என்பது அவள் கட்சி. என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் எழுதினாள் என்பது அவள் அண்ணன் கட்சி. இன்றுவரை இது தீரவில்லை.

மறுநாள் மதியம், மேஸ்திரி கேன்டீனில் டிபன் கேரியரைத் திறக்கும்போது, ரிக் வீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியது. அண்ணனும் அக்காவும் முன்பக்கம், தம்பியும் தங்கச்சியும் பின்பக்கம் நின்று, அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணைக் கோதிவிட்டு, வீட்டை அப்படியே மேடைக்கு ஏற்றிக்கொண்டன. எலுமிச்சைக் கன்றும் வேர் அறாமல் ஒரு வண்டி மண்ணோடு ஜன்னலை ஒட்டி ஏறிக்கொண்டது. அடுப்பில் பால் வைத்திருந்தாள், பொங்கவும் இல்லை, சிந்தவும் இல்லை. மூன்று கடிகாரங்களும் சுவரிலேயே ஓடின. கொல்லைக் கிணறு மட்டும் பின்தங்கிவிட்டது. குழியைத் தூக்கிப் போக முடியாது என்பது ரிக்குக்குத் தெரியும், தொழிலே அதுதானே. மேஸ்திரியம்மா ஏதோ வெளிச்சம் மாறுகிறதே என்று சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தெரு கீழே போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரரின் மொட்டைமாடி போயிற்று, டீக்கடை போயிற்று. திரும்பி வீட்டைப் பார்த்தாள். அதே அடுப்பு, அதே சுவர், அதே கன்று. அவள் இறங்கவில்லை, ஒரு பாத்திரத்தைக்கூடக் கட்டவில்லை. சபதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்று தெரிந்ததும் போய்ப் பாலை இறக்கினாள்.

குறை வந்தது மேஸ்திரிக்குத்தான். வாழ்நாள் முழுக்க ஊரார் சாமானை ஏற்றி அனுப்பியவர், தன் வீடு போவதைப் பார்த்துக்கொண்டு திறந்த டிபன் கேரியரோடு ரோட்டில் ஓடினார். ஆற்றங்கரையில் ரிக் நின்றது, அதனால் பிடித்தார். பின்னாலேயே லாரியில் ஆட்களும், கிரேனில் மச்சானும் வந்து சேர்ந்தார்கள். மேஸ்திரி மேடையின் ஏணியில் காலை வைத்தார். ஏணி அரையடி மேலே போயிற்று. எட்டிப் பிடித்தார், இன்னும் அரையடி போயிற்று. மழைத்துளி ஒன்று அவர் மூக்கில் விழுந்தது. அப்போது ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பெயர் எழுதாத சாமான் ஏறாதுங்க."

"விளையாடாதடி, மழை வருது!"

"நானா விளையாடுறேன்? உங்க பலகைதான். இத்தனை வருஷம் நான் உங்க பின்னாடி வந்தேன், ஒரு தடவையாவது வர்றியான்னு கேட்டீங்களா? இப்ப நீங்க கேளுங்க."

ஆற்றங்கரை முழுக்க ஆட்கள் நின்றார்கள், மேனேஜரும் இரண்டு செருப்போடும் நின்றார். அவள் சொன்னது உண்மை. லாரி வருகிறது, கட்டு என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லியிருந்தார், கேட்டதே இல்லை. அத்தனை பேர் முன்னால், தலையைத் தூக்கி, "நான் வரட்டுமா?" என்று கேட்டார். பிறகு வாசல் கதவு திறந்தது. பிரஷ்ஷும் பெயிண்ட் டப்பாவுமாக அவள் ஏணியில் இறங்கி, ஆனால் கடைசிப் படிக்கு மேலேயே ஜாக்கிரதையாக நின்றுகொண்டு, திரும்பி நிற்கச் சொன்னாள். அவர் காக்கிச் சட்டையின் முதுகில் நிதானமாக ஏதோ எழுதினாள். முதுகில் எழுதினதை யார் படிக்க முடியும்? "மச்சான், என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். கிரேன்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "மாமியார்னு போட்டிருக்கு மாப்ளே" என்றார். பெண்பார்த்த கோபம் இன்னும் முழுக்கத் தீர்ந்திருக்கவில்லை.

வழக்கப்படி ஓர் ஆள் முன்னால் வந்து உறவுகளைக் கூப்பிடத் தொடங்கினான். பெரியப்பா, டங். சித்தி, டங். ஓரகத்திகள் இரண்டு தட்டு. சம்பந்தி கொஞ்சம் தாமதமாக டங். "அம்மா!" என்றான், முதல்முறையாக. ஏணிப் படியிலிருந்து பெயிண்ட் டப்பாவால் ஒரு டங் வந்தது. கோபுரம் உச்சி முதல் அடிவரை ஒருதரம் சிலிர்த்தது. இன்னும் யாரோ பாக்கி என்பதுபோல ரிக் அசையாமல் நின்றது. கூப்பிடுகிற ஆள் மேஸ்திரியின் முதுகை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கத்தினான். "அப்பா!"

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மேஸ்திரிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கையில் இருந்த டிபன் கேரியரை ஏணியில் தட்டினார். டங். ஏணி தரைக்கு இறங்கியது.

மழை பிடிக்கும் முன்னால் ரிக் ஆற்றைத் தாண்டியது, ஒப்பந்தம் போகவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் சிலிண்டர்களைத் திரும்ப எடுத்துப்போனார். கம்பெனி நான்காவது கடிகாரம் கொடுத்தது, அதை மேஸ்திரியம்மா பெயருக்குத்தான் கொடுத்தார்கள், சுவரில் இடமும் இருந்தது. மேஸ்திரி அந்தச் சட்டையைத் துவைக்கக் கொடுப்பாரே தவிர, தூக்கிப்போடமாட்டார். ரிக் இதுவரை ஏழெட்டு இடம் மாறிவிட்டது. மேஸ்திரியம்மா அந்த வீட்டை விட்டு ஒருநாளும் இறங்கவில்லை. அண்ணன்காரர் வந்தால் கிரேனைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துகிறார். மகள் முகவரியைப் பேனாவால் எழுதிவிட்டாள், அம்மா வீடு என்று மட்டும். ஊர் பெயர் போடுவதில்லை, தபால்காரர் அண்ணாந்து பார்த்துக் கோபுரம் தெரிகிற பக்கம் சைக்கிளைத் திருப்புகிறார்.

மரம் மூன்றாவது இடத்தில் காய்த்தது. முதல் காயைச் சமையலறை ஜன்னல் வழியாகக் கையை நீட்டியே பறித்தாள், பிழிந்து ஆளுக்கு ஒரு தம்ளர் குடித்தார்கள், மிச்சம் இருந்த மூடியைச் சம்பந்தித் தகட்டில் துரு எடுக்கத் தேய்த்தாள். எலுமிச்சை இப்போது சந்தையில் என்ன விலை என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.